வரிசையில் கடைசியாக நின்றவர்

படைத்தலைவர்களின் வரலாற்றை நாம் பெரும்பாலும் வரைபடங்களின் வழியாகவே படிக்கிறோம். ஓர் அம்புக்குறி ஆற்றைக் கடக்கிறது. வேறோர் அம்புக்குறி மலைச்சரிவில் நின்றுவிடுகிறது. ஒவ்வோர் அம்புக்குறியின் உள்ளேயும் பெயரும் ஊரும் தாயும் உள்ள மனிதர்கள் நடந்தார்கள் என்பதை வரைபடம் சொல்வதில்லை. தாமே ஒரு காலத்தில் அந்த அம்புக்குறிக்குள் ஒரு புள்ளியாய் நடந்து, பின்னர் அம்புக்குறியை வரையும் இடத்திற்கு உயர்ந்த ஒருவர் என்ன செய்வார்? கீழே இருந்த நாள்களை மறந்துவிடுவாரா, சுமந்துகொண்டே செல்வாரா? இக்கேள்வியோடு இருபதாம் நூற்றாண்டின் போர் வரலாற்றைப் புரட்டும்போது நம்மை நிறுத்தி வைக்கிற பெயர் ஒன்று உண்டு. அது அமெரிக்கத் தரைப்படையின் ஜேம்ஸ் கேவின் என்பது.

1924-இல் எட்டாம் வகுப்புக்கு மேல் படிக்காத சாதாரணச் சிப்பாயாகப் படையில் சேர்ந்தவர் அவர். இருபது ஆண்டுகளில், தமது 37-ஆம் வயதில், அமெரிக்காவின் 82-ஆம் வான்வழிப் படைப்பிரிவுக்குத் தலைவரானார். இரண்டாம் உலகப் போரில் நான்கு முறை போர்க்களத்தில் பாராசூட்டில் குதித்தார். வீரத்திற்காக அமெரிக்கத் தரைப்படை வழங்கும் இரண்டாவது பெரிய விருதான டிஸ்டிங்விஷ்ட் சர்வீஸ் கிராஸை இருமுறை பெற்றார். ஒரு வீரக்கதைக்கு இவை போதும். ஆனால், நாம் இங்கே எண்ணிப் பார்க்க விரும்புவது அவர் மார்பில் அணிந்த பதக்கங்களை அன்று. அவற்றை அணிந்தபடியே அவர் பிற்காலத்தில் தம் நாட்டிடம் சொன்ன ஒரு சொல்லையே. அந்தச் சொல் எங்கிருந்து பிறந்தது என்பதை அறிய நாம் தொடக்கத்திலிருந்தே வரவேண்டும்.

நிலக்கரி ஊரின் பிள்ளை

1907-ஆம் ஆண்டு மார்ச் 22 அன்று நியூயார்க் மாநகரின் புரூக்லின் பகுதியில் அவர் பிறந்தார். பெற்ற தாய் அயர்லாந்திலிருந்து குடியேறிய பெண். பிறந்த குழந்தையைத் தன்னோடு வைத்துக்கொள்ள அவளால் இயலவில்லை. கன்னியர் நடத்திய அநாதை இல்லம் ஒன்று அக்குழந்தையை ஏற்றது. ஈராண்டுகளுக்குப் பின், பென்சில்வேனியா மாநிலத்தின் மவுண்ட் கார்மல் என்னும் நிலக்கரிச் சுரங்க ஊரைச் சேர்ந்த மார்ட்டின், மேரி கேவின் தம்பதியர் அவனைத் தத்தெடுத்தனர். கர்மேல் மலையின் பெயரைத் தாங்கியிருந்தாலும் அவ்வூரில் பசுமை குறைவு, கரித்தூள் மிகுதி. வளர்ப்புத் தந்தை சுரங்கத் தொழிலாளி. வீட்டில் வறுமையும் இருந்தது, அடியும் இருந்தது.

பத்து, பன்னிரண்டு வயதிலேயே சிறுவன் செய்தித்தாள் விற்கத் தொடங்கினான். எட்டாம் வகுப்போடு பள்ளி நின்றது. பின்னர்க் காலணிக் கடையில் வேலை. அதன்பின் பெட்ரோல் நிலையத்தில் வேலை. அவ்வூரில் பிறந்த ஆண்பிள்ளைகளுக்கு விதிக்கப்பட்ட இடம் சுரங்கத்தின் அடி. அங்கே மட்டும் இறங்குவதில்லை என்று அவன் உறுதி பூண்டிருந்தான். கையில் கிடைத்த வரலாற்று நூல்களை, குறிப்பாக அமெரிக்க உள்நாட்டுப் போரைப் பற்றிய நூல்களை, ஆசையோடு படித்தான். 17-ஆம் பிறந்தநாள் அன்று, எவரிடமும் சொல்லாமல் இரவு இரயிலேறி நியூயார்க் சென்றான். பெற்றோர் காவல்துறையை நாடாமல் இருக்க, தான் நலம் என்று ஒரு தந்தி மட்டும் அனுப்பினான்.

பதினெட்டு நிறையாதவர் படையில் சேரப் பெற்றோரின் இசைவு வேண்டும். தான் அநாதை என்றான் அவன். அவனைப் போன்ற சில சிறுவர்களோடு ஒரு வழக்கறிஞரிடம் அழைத்துச் சென்றார்கள். அவர் பாதுகாவலராகக் கையொப்பமிட்டார். 1924 ஏப்ரல் முதல் நாள், ஜேம்ஸ் கேவின் அமெரிக்கப் படையின் சாதாரணச் சிப்பாய் ஆனான். தாயை அறியாத பிள்ளைக்குத் தாயில்லாமையே கதவைத் திறந்தது. தன்னைப் பெற்றவள் யார் என்பதைப் பிற்காலத்தில் ஆள் வைத்துத் தேடினார் அவர் என்பதையும் நாம் இங்கே நினைவில் கொள்வது நல்லது. உயர்ந்த பிறகும் உள்ளே ஓரிடம் வெறுமையாகவே இருந்தது.

விடியுமுன் எரிந்த விளக்கு

புதிய சிப்பாயைப் பனாமா கால்வாய்க் கரையிலிருந்த கோட்டைக்கு அனுப்பினார்கள். கடற்கரைப் பீரங்கிப் படையில் வேலை. அங்கே முதல் சார்ஜெண்டாக இருந்தவர் அமெரிக்கப் பழங்குடி இனத்தைச் சேர்ந்தவர். அந்த இளைஞனிடம் இருந்த அறிவுப் பசியை முதலில் கண்டுகொண்டவர் அவரே. ஆறே மாதங்களில் அவனைக் கார்ப்பரல் ஆக்கினார். படைவீரர்களிலிருந்து வெஸ்ட் பாயிண்ட் இராணுவக் கல்லூரிக்குச் செல்ல விரும்புவோருக்கென நடந்த பயிற்சிப் பள்ளிக்கு அனுப்பத் துணைநின்றார். அந்நாட்டில் தம் இனத்தவருக்கே உரிய இடம் கிடைக்காத காலத்தில், அவர் இன்னொருவனுக்கு இடம் தேடித் தந்தார்.

1925 கோடையில் கேவின் வெஸ்ட் பாயிண்டில் நுழைந்தார். உயர்நிலைப் பள்ளியின் வாசலையே மிதிக்காதவருக்குக் கல்லூரிப் பாடம் மலையாக நின்றது. தினமும் அதிகாலை நாலரை மணிக்கு எழுவார். அந்நேரத்தில் படிக்கப் போதிய வெளிச்சம் இருந்த ஒரே இடம் குளியலறை. அங்கே அமர்ந்து, உடன் பயில்வோர் விழிக்கும்முன் அன்றைய பாடத்தைக் கற்றுவிடுவார். 1929-இல் பட்டம் பெற்று அதிகாரியானார்.

அதன்பின் பத்தாண்டுகள் அமைதிக்காலப் படையின் மெதுவான வாழ்க்கை. பிலிப்பைன்ஸ் தீவுகளில் சில ஆண்டுகள்; பிறகு வெஸ்ட் பாயிண்டிலேயே ஆசிரியர் பணி. அப்போது ஐரோப்பாவிலிருந்து வியப்பூட்டும் செய்திகள் வந்தன. 1940 மே மாதத்தில் பெல்ஜியத்தின் எபன் எமல் கோட்டையை, இயந்திரமில்லாக் கிளைடர் விமானங்களில் வந்திறங்கிய சிறு ஜெர்மானியக் குழு ஒன்று முடக்கியது. 1941 மே மாதத்தில் கிரீட் தீவையே வானிலிருந்து இறங்கிய படை கைப்பற்றியது. கேவின் இவற்றைத் துருவித் துருவிப் படித்தார். 1941-இல் தாமே பாராசூட் பயிற்சி பெற்றார். வான்வழிப் படை எவ்வாறு போரிட வேண்டும் என்ற அமெரிக்கப் படையின் முதல் கையேட்டை 1942-இல் எழுதியவரும் அவரே.

இப்படையின் இயல்பைச் சற்றே விளக்குவோம். மற்றக் காலாட்படையினருக்கு முன்னே எதிரி, பின்னே தம்மவர். வானிலிருந்து இறங்குபவருக்கோ நான்கு திசையிலும் எதிரியே. தோளில் சுமக்கக்கூடிய படைக்கலம் மட்டுமே கையில் இருக்கும். தரைவழியே தம் பெரும்படை வந்து சேரும்வரை தாக்குப்பிடிக்க வேண்டும். வந்து சேராவிட்டால் அழிவுதான். இன்னொன்றும் உண்டு. விமானத்தின் கதவு ஒன்றே. கர்னலும் சிப்பாயும் அதே கதவின் வழியாகவே இருளுக்குள் குதிக்கிறார்கள். காற்று தரவரிசை பார்ப்பதில்லை.

1942-இல் 505-ஆம் பாராசூட் ரெஜிமென்டை உருவாக்கும் பொறுப்பு அவருக்கு வந்தது. அங்கே தம் அதிகாரிகளுக்கு அவர் வகுத்த நெறியொன்றை அப்படையினர் இன்றும் சொல்லிக்கொள்கிறார்கள். விமானக் கதவில் அதிகாரி முதல் ஆளாக நிற்க வேண்டும். உணவு வரிசையில் கடைசி ஆளாக நிற்க வேண்டும். உணவு வரிசையில் தாமே தட்டேந்தி நின்ற ஒருவருக்குத்தான் இவ்வரிசையின் பொருள் தெரியும்.

பியாட்சா மேடு

1943 ஜூலை 9 இரவு. 226 விமானங்களில் 3,405 பாராசூட் வீரர்களோடு கர்னல் கேவின் வட ஆப்பிரிக்காவிலிருந்து சிசிலித் தீவை நோக்கிப் புறப்பட்டார். எதிர்பாராத கடுங்காற்று விமானங்களைத் திசைமாற்றியது. குறித்த இடத்தில் இறங்கியவர் சிலரே. கேவினும் பல மைல் தள்ளி, எங்கே நிற்கிறோம் என்றே தெரியாத இருளில் விழுந்தார். மூவாயிரம் பேருக்குத் தலைவர். அருகே இருந்தவர்களோ விரல்விட்டு எண்ணத்தக்கவர்கள். அன்றிரவு அவர் மறுபடியும் கார்ப்பரல் ஆனார் என்றே சொல்லலாம்.

ஜூலை 11 அன்று, வழியில் கிடைத்த வீரர்களைச் சேர்த்துக்கொண்டு விட்டோரியாவிலிருந்து ஜெலா நோக்கிச் செல்லும் சாலையில் நடந்தார். பியாட்சா என்னும் மேட்டின் அருகே துப்பாக்கி ஒலி கேட்டது. அக்கணம் அவரிடம் இருந்தது சிறு பொறியாளர் படைப்பிரிவு ஒன்றே. அதைக்கொண்டே மேட்டைத் தாக்கிப் பிடித்தார். அப்போதுதான் எதிரே வந்துகொண்டிருந்தது ஜெர்மனியின் ஹெர்மன் கோரிங் டிவிஷன் என்பதும், அதனிடம் டைகர் டாங்கிகள் இருப்பதும் தெரிந்தன. அந்த மேட்டைக் கடந்தால், அமெரிக்கத் தரைப்படை அப்போதுதான் கரையேறிக்கொண்டிருந்த கடற்கரைக்கு வழி திறந்துவிடும்.

வீரர்களின் கையில் பசூக்கா என்னும் தோள் ஏவுகருவி இருந்தது. டாங்கியைத் தகர்க்கும் என்று நம்பி அவர்களிடம் அதைக் கொடுத்திருந்தார்கள். ஏவிய குண்டுகள் டைகர் டாங்கியின் முன்தகட்டில் மோதிச் சிதறின, உள்ளே செல்லவில்லை. ஏவிய இளைஞர்கள் இருந்த இடத்திலேயே மடிந்தார்கள். ஆயினும் மேட்டை விட்டுப் பின்வாங்குவதில்லை என்று கேவின் முடிவு செய்தார். சிறு பீரங்கிகள் வந்து சேர்ந்தன. கடற்படையின் பீரங்கிகளும் துணைக்கு வந்தன. மாலையில் சில டாங்கிகளும் வந்தன. மேடு அவர்கள் கையிலேயே நின்றது. அன்றைய செயலுக்காகவே அவருக்கு முதல் டிஸ்டிங்விஷ்ட் சர்வீஸ் கிராஸ் வழங்கப்பட்டது.

ஆனால், மறுநாள் அம்மேட்டில் அவர்கள் தோண்டியவை ஏறத்தாழ ஐம்பது குழிகள். பிரேதங்களின் அருகே நொறுங்கிக் கிடந்த பசூக்காத் துண்டுகளைக் கேவின் கண்டார். அக்காட்சி அவரை விட்டு அகலவில்லை. பயனற்ற கருவியைக் கொடுத்துப் பிள்ளைகளை அனுப்பியது யார் என்னும் கேள்வியை அவர் ஆண்டுக்கணக்கில் கேட்டுக்கொண்டே இருந்தார். ஏழாண்டுகள் கழித்து, 1950-இல் கொரியாவில், அதே சிறு பசூக்காவை ஏந்திய அமெரிக்க வீரர்கள் அதே போல டாங்கிகளுக்கு முன் மடிந்தபோது, அக்கேள்வி வெறும் புலம்பல் அன்று என்பது விளங்கியது. மேசையருகே அமர்ந்திருப்போரின் மறதிக்குக் களத்தில் நிற்போர் விலை கொடுக்கிறார்கள்.

அதே ஜூலை 11 இரவு இன்னொரு துயரும் நிகழ்ந்தது. 504-ஆம் ரெஜிமென்டை ஏற்றிவந்த 144 விமானங்களைப் பகைவரின் விமானங்கள் என எண்ணி, அமெரிக்கக் கப்பல்களும் கரையிலிருந்த பீரங்கிகளும் சுட்டன. 23 விமானங்கள் வீழ்ந்தன. தம்மவர் குண்டுக்கே தம்மவர் பலியாயினர். வானிலிருந்து படையிறக்குவதே இனி வேண்டாம் என்று மேலிடத்தில் பேச்செழுந்தது. கைவிடுவதை விடுத்துக் குறைகளைக் களைய வேண்டும் என்று வாதாடியவர்களில் கேவின் முன்நின்றார்.

ஆற்றின் விலை

1943 இறுதிக்குள் அவர் பிரிகேடியர் ஜெனரல். அந்த உயர்நிலையிலும் 1944 ஜூன் 6 அதிகாலை நார்மண்டியில் குதித்தார். வெள்ளம் பரவிய மெர்டரே ஆற்றின் குறுக்கே லா ஃபியேர் பாலத்தையும் அதன் நீண்ட கரைச்சாலையையும் கைப்பற்றும் போரில், துப்பாக்கியைக் கையில் ஏந்தியபடி வீரர்களிடையே நின்றார். ஜெனரல்கள் பொதுவாக இடுப்பில் கைத்துப்பாக்கியோடு நிற்பார்கள். இவரோ சிப்பாய்க்குரிய ரைபிளையே எப்போதும் தோளில் சுமந்தார். 33 நாள்கள் நடந்த அப்போரில் 82-ஆம் படைப்பிரிவில் கொல்லப்பட்டோரும் காயமுற்றோரும் காணாமற்போனோரும் 5,245 பேர்.

1944 ஆகஸ்டில் அப்படைப்பிரிவே அவர் கைக்கு வந்தது. அடுத்த மாதம் 17-ஆம் தேதி, ஹாலந்து நாட்டின் பாலங்களை வானிலிருந்து கைப்பற்றும் பெருந்திட்டம் தொடங்கியது. தரையில் விழுந்தபோது கேவினின் முதுகெலும்பில் முறிவு ஏற்பட்டது. அவ்வலியோடே அப்போர் முழுவதையும் நடத்தினார்.

இங்கே அவரைப் புகழ்வதோடு நிறுத்திவிட்டால் நாம் உண்மைக்கு நேர்மையாக இருந்தவர் ஆகமாட்டோம். நைமேகன் நகரில் வால் ஆற்றின் மேலிருந்த பெரும்பாலமே முதன்மை இலக்குகளில் ஒன்று. ஆயினும் முதல் நாள், ஜெர்மன் எல்லைப்புறக் காட்டிலிருந்து தாக்குதல் வரும் என்றஞ்சி, குரூஸ்பேக் மேட்டு நிலத்தைக் காப்பதற்கே படையின் பெரும்பகுதி பயன்பட்டது. பாலத்தை நோக்கிச் சென்றவர் சிலரே. அவர்களும் மாலை மயங்கிய பின்னரே சென்றார்கள். அதற்குள் ஜெர்மானியர் பாலத்தைப் பலப்படுத்திவிட்டனர். மேட்டை முதலில் பிடித்தது சரியா, பாலத்தை முதலில் பிடித்திருக்க வேண்டுமா என வரலாற்றாசிரியர்கள் இன்றும் வாதிடுகின்றனர். மேலதிகாரியும் அம்முடிவில் பங்கேற்றார். எனினும் படைப்பிரிவின் தலைவர் என்ற முறையில் அப்பொறுப்பில் கேவினுக்கும் பங்குண்டு.

தவறிய அந்த நாளுக்கு ஆறுதான் விலை கேட்டது. செப்டம்பர் 20 பிற்பகல் 3 மணிக்கு, பட்டப்பகலில், 504-ஆம் ரெஜிமென்டின் பட்டாலியன் ஒன்று மேஜர் ஜூலியன் குக் தலைமையில் 26 கான்வாஸ் படகுகளில் வால் ஆற்றில் இறங்கியது. போதிய துடுப்புகள் இல்லை; துப்பாக்கிக் கட்டையாலேயே சிலர் துடுப்பு வலித்தனர். எதிர்க்கரையிலிருந்து குண்டுமழை. படகுகளில் ஏறத்தாழப் பாதியே மறுநடைக்குத் திரும்பின. அவ்வளவும் கடந்து அவர்கள் எதிர்க்கரை ஏறினார்கள். அன்று மாலை பாலம் கைவந்தது. ஆனால் அப்பால் ஆர்னெம் நகரில் தனித்துப் போரிட்ட பிரிட்டிஷ் பாராசூட் படைக்கு உதவி உரிய காலத்தில் போய்ச் சேரவில்லை.

அந்தக் கடத்தலுக்குக் கட்டளையிட்டவர் கேவின். அம்புக்குறியை வரைந்தது அவர் கை. படகில் ஏறியது பிறர் உடல். தலைமையின் கொடிய உண்மை இதுதான் என நமக்குத் தோன்றுகிறது. எவ்வளவு அன்பு கொண்ட தலைவரும், ஒரு நாள் தாம் ஏறாத படகில் பிறரை ஏற்ற நேர்கிறது. அந்நாளுக்குப் பிறகு அவர் எவ்வாறு வாழ்கிறார் என்பதே அவரை அளக்கும் கோல்.

யார் ஊர்வலத்தில் நடப்பது?

1945 மே 2 அன்று ஜெர்மனியின் லுட்விக்ஸ்லுஸ்ட் நகருக்கு அருகே, வோபெலின் என்னும் நாத்சி வதைமுகாமை 82-ஆம் படைப்பிரிவினர் கண்டனர். பட்டினியால் இறந்தோரின் உடல்கள் அடுக்கடுக்காய்க் கிடந்தன. கேவின் அந்நகர மக்களை அழைத்து, அவற்றைக் கண்ணால் காணச் செய்தார். நகரின் அரண்மனை முன்புள்ள திறந்தவெளியில் 200 பேருக்குக் கல்லறை அமைக்கப்பட்டது. நகரத்தாரும் பிடிபட்ட ஜெர்மானிய அதிகாரிகளும் அந்த அடக்கச் சடங்கில் நிற்க வேண்டியதாயிற்று. பெயர் தெரியாமல் இறந்தவர்களை ஊரறியப் புதைக்க வேண்டும் என்னும் எண்ணத்தில், பியாட்சா மேட்டில் குழி தோண்டியவரின் மனத்தை நாம் காண்கிறோம்.

போர் முடிந்தது. 1946 ஜனவரி 12 அன்று நியூயார்க்கில் வெற்றி ஊர்வலம். 22 ஆண்டுகளுக்கு முன் இரவு இரயிலில் திருட்டுத்தனமாய் வந்திறங்கிய அதே நகரில், தம் படைப்பிரிவின் முன்னே மேஜர் ஜெனரலாக அவர் நடந்தார். அந்த ஊர்வலத்தில் 555-ஆம் பாராசூட் பட்டாலியனும் நடந்தது. அது முற்றிலும் கறுப்பின வீரர்களைக் கொண்ட பட்டாலியன். வெள்ளையரும் கறுப்பினத்தவரும் ஒரே படைப்பிரிவில் சேரக்கூடாது என்ற ஏற்பாட்டால் அவர்கள் ஐரோப்பியப் போர்க்களத்திற்கு அனுப்பப்படவே இல்லை. ஜப்பான் பலூன்களில் விடுத்த தீக்குண்டுகளால் காடுகள் எரியக்கூடும் என்றஞ்சி, அமெரிக்காவின் மேற்கு மலைகளில் குதித்துக் காட்டுத்தீயை அணைக்கும் பணியே அவர்களுக்குத் தரப்பட்டது. அவர்களையும் தம் படைப்பிரிவின் சின்னத்தோடு நடக்கச் செய்தவர் கேவின்.

அத்தோடு அவர் நிற்கவில்லை. அப்பட்டாலியனைத் தம் படைப்பிரிவோடு இணைத்துக்கொண்டார். 1947 இறுதியில் அது 505-ஆம் ரெஜிமென்டின் மூன்றாம் பட்டாலியன் ஆயிற்று. படையில் இனப்பாகுபாட்டை நீக்க அதிபர் ட்ரூமன் ஆணையிட்டது 1948 ஜூலையில்தான். பனாமாவில் பழங்குடிச் சார்ஜெண்ட் ஒருவரிடம் பெற்ற கடனை, அவர் இவ்வாறு வேறொருவருக்குத் திருப்பிக் கொடுத்தார் என்று நாம் எண்ணிப் பார்ப்பதில் தவறில்லை.

தம் கருவியே தமக்கு எதிரே

இனி அவர் வாழ்வின் கடினமான பகுதிக்கு வருவோம். வாழ்நாள் முழுதும் அவர் தேடியது, காலாட்படை வீரனை விரைவாக நகர்த்தும் வழியை. பாராசூட் அதன் முதற்படி. அடுத்த படி ஹெலிகாப்டர் என்று கண்டு, குதிரைப்படையின் பணியை இனி வானூர்திகள் செய்ய வேண்டும் என 1954-இல் ஒரு மாத இதழில் எழுதினார். அவ்வெண்ணமே வளர்ந்து, பதினோராண்டுகளில் ஹெலிகாப்டர்களில் செல்லும் முழுப் படைப்பிரிவாக உருவெடுத்தது. 1965-இல் அப்படைப்பிரிவு அனுப்பப்பட்ட இடம் வியட்நாம்.

அதே 1954-இல் அவர் வேறொரு பணியையும் செய்திருந்தார். வியட்நாமில் தியென் பியென் பூ பள்ளத்தாக்கில் பிரெஞ்சுப் படை முற்றுகையிடப்பட்டுத் தவித்தது. அவர்களும் 1953 நவம்பரில் பாராசூட்டில் இறங்கித்தான் அவ்விடத்தைப் பிடித்தவர்கள். தரைவழி உதவி வர வாய்ப்பில்லாத இடத்தில் இறங்கிய படையின் கதி என்ன என்பது கேவினுக்குத் தெரியாததன்று. அமெரிக்கா அப்போரில் இறங்கலாமா என்ற கேள்வி எழுந்தபோது, தரைப்படைத் தலைவர் ரிட்ஜ்வேயின் கீழ் திட்டத்துறையைக் கவனித்தவர் அவர். எத்தனை படைப்பிரிவுகள் தேவைப்படும், எத்தனை உயிர் போகும், எத்தனை ஆண்டுகள் ஆகும் எனக் கணக்கிட்டு, வேண்டாம் என்றது தரைப்படை. 1954 மே 7 அன்று தியென் பியென் பூ வீழ்ந்தது. அமெரிக்கா அப்போது போரில் இறங்கவில்லை.

1958-இல், படையின் போக்கில் உடன்பாடில்லாமல், லெப்டினன்ட் ஜெனரலாகவே அவர் ஓய்வு பெற்றார். 1961-இல் அதிபர் கென்னடி அவரைப் பிரான்ஸ் நாட்டுத் தூதராக அனுப்பினார். பின் தனியார் நிறுவனப் பணி. அமைதியாக ஓய்வை நுகர்ந்திருக்கலாம். ஆனால் 1965-இல் வியட்நாமில் அமெரிக்கத் தரைப்படை இறங்கியது. அவ்வாண்டு இறுதிக்குள் ஏறத்தாழ 1,84,000 பேர் அங்கிருந்தனர். முதலில் சென்றவற்றுள் பாராசூட் பிரிகேடும் ஒன்று. அவர் கண்ட கனவுகளே, அவர் வேண்டாம் என்ற போருக்கு ஊர்தி ஆயின.

1966 பிப்ரவரியில் அவர் எழுதிய கடிதம் ஒன்று பொதுவில் வெளிவந்தது. அம்மாதம் 8-ஆம் தேதி, செனட் அவையின் வெளியுறவுக் குழுவின் முன், நாடே தொலைக்காட்சியில் பார்க்கச் சான்று பகர்ந்தார். இப்போரை மேலும் பெருக்காதீர்கள், குண்டுவீச்சை விரிவாக்காதீர்கள், கடற்கரைப் பகுதிகளில் உள்ளதைக் காத்து நின்று, பேச்சுவார்த்தைக்கு வழிதேடுங்கள் என்பதே அவர் கூற்றின் சாரம்.

அவர் போர் மறுப்பாளர் அல்லர். படையை வெறுத்தவரும் அல்லர். ஐம்பதுகளில் சிற்றெல்லைக்குரிய அணு ஆயுதங்களுக்காக வாதாடியவர்களில் அவரும் ஒருவர் என்பதை மறைக்க வேண்டுவதில்லை. அதனாலேயே அவருடைய சொல்லுக்கு எடை கூடிற்று. அஞ்சியவர் என்று அவரை எவரும் சொல்ல இயலாது. அறியாதவர் என்றும் சொல்ல இயலாது. ஆயினும், பல முன்னாள் தோழர்கள் அவரைக் குறைகூறினர். தாம் வாழ்நாளெல்லாம் தேடிப்பெற்ற நற்பெயரையே அவர் அன்று பணயம் வைத்தார்.

அவர் சொல்லைக் கேட்டார்களா? இல்லை. 1968-இல் வியட்நாமில் இருந்த அமெரிக்க வீரர் தொகை ஐந்து இலட்சத்தைத் தாண்டியது. போர் முடிந்தபோது மாண்ட அமெரிக்கர் 58,000-க்கும் மேல். மாண்ட வியட்நாமியரோ பல இலட்சம். 1990 பிப்ரவரி 23 அன்று பால்டிமோர் நகரில் ஜேம்ஸ் கேவின் காலமானார். விடியுமுன் விளக்கைத் தேடிப் படித்த வெஸ்ட் பாயிண்டின் கல்லறைத் தோட்டத்திலேயே அவரை அடக்கம் செய்தார்கள்.

உயரம் என்பது என்ன?

கீழ்நிலையிலிருந்து உயர்ந்தோரை நாம் போற்றுகிறோம். நம் பிள்ளைகளுக்கு எடுத்துக்காட்டாகவும் சொல்கிறோம். உழைத்தால் உயரலாம் என்பதே அக்கதைகளிலிருந்து நாம் வழக்கமாய் எடுக்கும் பாடம். அப்பாடம் பொய்யன்று; ஆனால் அது பாதிப் பாடம். ஏணியில் ஏறியவர் எத்தனை படி ஏறினார் என்று எண்ணுகிறோம். மேலே நின்று எதைப் பார்க்கிறார் என்று கேட்பதில்லை. ஏறிய பின் ஏணியை உதைத்துத் தள்ளியோரும் உண்டு. தாம் பட்ட துன்பத்தைப் பிறரும் படட்டும் என்றிருப்போரும் உண்டு.

கேவினின் வாழ்வு பிழையற்றதன்று. நைமேகன் பாலத்தைப் பற்றிய கேள்வி அவர் பெயரோடு என்றும் நிற்கும். ஆனால், அவர் ஒன்றை மறக்கவில்லை. அம்புக்குறிக்குள் மனிதர் இருக்கிறார்கள் என்பதை மறக்கவில்லை. நொறுங்கிய பசூக்காவின் அருகே கிடந்தவனும், கான்வாஸ் படகில் துப்பாக்கிக் கட்டையால் நீரைத் தள்ளியவனும், போர்க்களத்திற்கே அனுப்பப்படாத கறுப்பின வீரனும், வோபெலினில் பெயரின்றிக் கிடந்தவனும் அவர் கணக்கில் இருந்தார்கள். அவர்களை எண்ணிப் பழகியதால்தான், 1966-இல் நாடே வேறு கணக்குப் போட்டபோது, அக்கணக்கு தவறு என்று அவரால் சொல்ல முடிந்தது.

விமானக் கதவில் முதல் ஆளாக நிற்பது துணிவு. உணவு வரிசையில் கடைசி ஆளாக நிற்பது நினைவு. முன்னதற்குப் பதக்கம் உண்டு, பின்னதற்கு இல்லை. வீட்டிலும் பள்ளியிலும் பங்கிலும் அலுவலகத்திலும் சிறிதோ பெரிதோ அதிகாரம் பெற்றிருக்கும் நாம், இவ்விரண்டில் எதை நம்மிடம் தேடிப் பார்க்கிறோம்? வரிசையில் நமக்கு முன்னே நிற்பவர் அனைவருக்கும் உணவு கிடைத்துவிட்டதா என்று பார்த்த பிறகே நம் தட்டை நீட்டுகிறோமா?